இரண்டு தாய் மீன்கள்

2018 மே மாதம். காலை ஏழு மணி இருக்கும். பக்கத்து ஊர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து என் குஞ்சுப் பொரிப்பகத்துத் தொட்டிக் கரையில் வைத்தார். உள்ளே எட்டு ரோகு. குனிந்து ஒன்றை எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. செவுள் மூடி பாதிதான் இருந்தது. மீதி இருக்க வேண்டிய இடத்தில் செவுளின் சிவப்பு வெளியே தெரிந்தது. இன்னொன்றை எடுத்தேன். முதுகு கூன் விழுந்து வால் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. மற்ற ஆறும் பார்வைக்கு நல்ல மீன்கள்தான். ஆனால் ஆறு மாதத்தில் அரைக் கிலோவை நெருங்கியிருக்க வேண்டியவை, நூற்றைம்பது கிராம்கூடத் தேறவில்லை.

“என்னண்ணே இது, ஏரி பூரா இப்படித்தான் கெடக்கு.”

“தண்ணி சரியில்ல. போன வருஷ வறட்சியில அடிமண்ணு கெட்டிருக்கும். தீவனம் ஒழுங்கா போட்டீங்களா?” என்று கேட்டேன்.

தீவனம் போடுவதை மகனிடம் விட்டிருந்ததாகச் சொன்னார். “அந்தப் பய ஒழுங்கா போட்டானோ என்னமோ” என்று முணுமுணுத்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது பொய். சொல்லும்போதே பொய்யென்று எனக்குத் தெரியும். அவர் என்னிடம் வாங்கி ஏரியில் விட்ட ரோகு விரலிக் குஞ்சுகள் 25 ஆயிரமும் இரண்டே இரண்டு தாய் மீன்களின் வயிற்றில் பிறந்தவை. அவற்றோடு சேர்த்துவிட்ட ஆண்களும் இரண்டுதான். நான்குமே என் பண்ணையில், ஒரே ஆண்டு, ஒரே தொட்டியில் பொரித்தவை. கூடப் பிறந்தவையாக இருக்கும், இல்லையென்றால் ஒன்றுவிட்டவை. இதை நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

டெல்டாவில் இந்தத் தொழிலை 1998-இல் தொடங்கினேன். முதல் தாய் மீன்களை வெளியிலிருந்து வாங்கினேன். எல்லா இனமும் சேர்த்து முப்பது. அதன்பின் வெகுகாலம் வெளியிலிருந்து ஒரு தாய் மீனும் என் பண்ணைக்குள் வரவில்லை. எதற்கு வாங்க வேண்டும்? ஒரு கிலோ எடையுள்ள ரோகு பெண் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் முட்டை இடும். மூன்று கிலோ மீனென்றால் ஐந்து, ஆறு லட்சம். அந்த எண்ணிக்கைதான் என் கண்ணைக் கட்டிப்போட்டது. ஒரு தாயே ஒரு வட்டாரத்துக்குக் குஞ்சு கொடுக்கும்போது இருபது தாயை வைத்துத் தீனி போடுவானேன் என்று நினைத்தேன்.

ரோகுவும் கட்லாவும் மிர்காலும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் மழைக்காலத்துப் புதுவெள்ளம் கரையேறிப் பரவும்போது, அந்த ஓட்டத்தில்தான் சினை விடும். குளத்தில் வைத்தால் வயிறு முட்டச் சினையோடு இருக்கும், விடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் குளத்து மீனை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன்பு வளர்ப்புக் குஞ்சு ஆற்றிலிருந்துதான் வந்தது. வெள்ளத்தில் மிதந்து வருவதை வலைகட்டி அள்ளி, மண்பானைகளில் ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒரு பானைக் குஞ்சுக்கு எத்தனை தாய் தகப்பன் என்று அன்று யாரும் எண்ணவில்லை. எண்ணவும் முடியாது. அந்த வெள்ளத்தில் சினைவிட்ட மீனெல்லாம் அதில் இருந்தன.

என்னிடம் அதே வேலை ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். மாலை வெயில் தாழ்ந்ததும் மீனைத் துணியில் சுற்றிப் பிடித்து, பக்கத் துடுப்பை விரலால் தடவிப் பார்ப்பேன். சொரசொரவென்றிருந்தால் ஆண், வழவழவென்றிருந்தால் பெண். வயிற்றை லேசாக அழுத்தினால் ஆணுக்குப் பால் மாதிரி வரும். முதுகுத் துடுப்புக்குக் கீழே ஊசி போட்டு வட்டத் தொட்டியில் விட்டு, தண்ணீரைச் சுழலவிடுவோம். நள்ளிரவு வாக்கில் வால் அடிக்கிற சத்தம் நான் படுத்திருக்கும் ஷெட்டுக்குக் கேட்கும். எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டி முழுக்க முட்டை, ஊறிய ஜவ்வரிசி மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் நழுவும். இருபது ஆண்டுகள் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இத்தனை லட்சத்துக்கும் தகப்பன் எத்தனை என்ற கேள்வி ஒருநாளும் எனக்கு எழுந்ததில்லை.

2014-இல் மீன்வளம் படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். ஆராய்ச்சிக்காகத் துடுப்பு நுனியில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். சரி என்றேன். “ஐயா, போன வருஷம் கட்லாவுக்கு எத்தனை தாய், எத்தனை ஆண் போட்டீங்க?” என்று கேட்டாள். பதிவேட்டைப் பார்த்து ஆறு பெண், மூன்று ஆண் என்றேன். மேசையில் கிடந்த தீவனக் கடை ரசீதைத் திருப்பிப்போட்டு அதில் கணக்குப் போட்டாள். பெண்ணையும் ஆணையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டையும் கூட்டி வந்த எண்ணால் வகுத்தாள். எட்டு என்று வந்தது. ஒன்பது மீன் போட்டிருந்தாலும், மரபுக் கணக்கில் அது எட்டு மீனுக்குத்தான் சமம் என்றாள். அந்த எட்டை இரண்டால் பெருக்கி ஒன்றை அதனால் வகுத்தால் 6.25 சதவீதம். ஒவ்வொரு தலைமுறைக்கும் உட்கலப்பு அந்த அளவு ஏறும்.

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். “அத்தை பிள்ளை மாமன் பிள்ளை கல்யாணம் பண்ணிக்கிட்டா, பொறக்குற குழந்தைக்கு இருக்குற அளவு இது. உங்க பண்ணையில ஒவ்வொரு தலைமுறையும் இது மேல மேல ஏறும். நாலு தலைமுறையில 23 சதவீதம் ஆயிடும். அண்ணன் தங்கச்சிக்குப் பொறந்தா 25” என்றாள். அவள் சொன்னது எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அவள் என்னை மட்டும் குறை சொல்லவில்லை. கர்நாடகத்துக் குஞ்சுப் பண்ணைகளைக் கணக்கெடுத்து 1990-இல் வந்த ஆய்வில், தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை உட்கலப்பு ஏறுவதாகக் கண்டிருந்தார்கள் என்றாள். நாடெங்கும் நடப்பதுதான் என்று எனக்கு ஆறுதல் வந்தது. இன்று யோசித்தால், அந்த ஆறுதலைத்தான் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்று தெரிகிறது.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். மீனின் பிழைப்பு முறைக்கும் அதன் மரபணு வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பு அது. விராலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி ஓரத்துப் புல்லுக்குள் இடம் ஒதுக்கிச் சில ஆயிரம் முட்டை இடும். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்து போகும். கீழே தாயும் தகப்பனும் காவல். ஜிலேபி மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். குறைவாகப் பெற்றுக் கவனமாகக் காக்கிற சாதி இவை. காவல் இருப்பதால், சில தாய் தகப்பன் இருந்தாலே கூட்டம் பிழைத்துவிடும். 1939-இல் ஜாவாவின் கடலோரத்தில் அகப்பட்ட ஐந்தே மீன்களிலிருந்து பெருகியதுதான் ஆசியாவின் ஜிலேபிக் கூட்டத்தில் பெரும்பகுதி என்கிறார்கள். மரபில் அவ்வளவு ஏழையாக வந்த மீன், நம் குளத்தையெல்லாம் நிறைத்துவிட்டது.

கெண்டை இனம் அப்படியில்லை. ரோகு தன் முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. லட்சக்கணக்கில் வெள்ளத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். எங்கே ஒதுங்கும், எது தின்னும், தண்ணீர் எப்போது வடியும் என்று எதுவும் அதன் கையில் இல்லை. ஒரு வருஷம் ஒரு தாயின் முட்டை முழுக்க அழியும்; இன்னொரு தாயின் குஞ்சுகள் நல்ல வயல்வெளிப் பள்ளத்தில் ஒதுங்கி ஆயிரக்கணக்கில் தேறும். ஆற்றிலும் அது அதிர்ஷ்டச் சீட்டுதான். ஆனால் அங்கே சீட்டு எடுப்பவை ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டு வயசு மீனும் எட்டு வயசு மீனும் சேர்ந்து சினைவிடும். இந்த ஆண்டு தோற்றது அடுத்த ஆண்டு ஜெயிக்கும். நீண்ட ஆயுசும் பெருங்கூட்டமும் சேர்ந்துதான் அந்த வீண்செலவை ஈடுகட்டுகின்றன.

இப்படிப் பொடிமுட்டையாக நிறையக் கொட்டும் உயிர்களிடம் மரபு வேறுபாடு அதிகமாகவும், பெரிதாகக் கொஞ்சமே பெற்று வளர்ப்பவற்றிடம் குறைவாகவும் இருக்கிறது. 76 விலங்கினங்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வு அதைத்தான் சொன்னது. எத்தனை உயிர் இருக்கிறது என்பதைவிட, அது எப்படிப் பெற்று எப்படிப் பிழைக்கிறது என்பதே மரபின் செழிப்பைத் தீர்மானிக்கிறது. நன்னீர் மீனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கடல் ஒரே வீடு. ஆறுகள் தனித்தனி வீடுகள். கடல் மீன்களின் மரபு வேறுபாட்டில் சுமார் 6 சதவீதம்தான் ஊருக்கு ஊர் பிரிந்து கிடக்கிறது. நன்னீர் மீன்களில் அது 22 சதவீதம் என்று 1994-இல் ஒரு தொகுப்பில் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து ஏரிகளையே பாருங்கள். மறுகால் பாயும் வருஷத்தில்தான் ஓர் ஏரி விரால் இன்னோர் ஏரிக்குப் போகும். கலிங்கு நனையாத வருஷத்தில் ஒவ்வோர் ஏரியும் தனித் தீவு.

ரோகு அள்ளிக் கொட்டுவது, ஆற்றில் அதன் மரபை வளமாக வைத்திருந்த பழக்கம். என் பண்ணையில் அதே பழக்கம்தான் அந்த வளத்தை அழிக்க எனக்கு வாய்ப்பானது. விரால் வளர்ப்பவன் நினைத்தாலும் இரண்டு தாயை வைத்து ஓர் ஏரியை நிரப்ப முடியாது. என்னால் முடிந்தது. நான் முட்டையை எண்ணினேன். தாயையும் தகப்பனையும் எண்ணவில்லை.

இவ்வளவும் தெரிந்தபின் திருந்தினேனா? இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். தெரியாமல் செய்த பதினாறு ஆண்டுகளுக்காக நான் வருத்தப்படலாம். தெரிந்து செய்த மூன்று ஆண்டுகளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

புது ரத்தம் கிடைக்காமல் இல்லை. புவனேசுவரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி என ஐந்து ஆறுகளின் ரோகுவைப் பண்ணை மீனோடு கலந்து, தேர்ந்தெடுத்து வளர்த்து, 1997-இல் ஜெயந்தி ரோகுவை வெளியிட்டது. அதை வாங்கியிருக்கலாம். பத்து மைலில் இருக்கும் இன்னொரு பண்ணைக்காரரோடு ஆண் மீனை மாற்றிக்கொண்டிருந்தாலும் பாதி பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் தொழிலில் எனக்குப் போட்டி. என் மீனில் குறை என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று போகவில்லை.

இன்னொன்றும் செய்தேன். ஊசி மருந்து கிலோக் கணக்கு. பெரிய தாய்க்கு மருந்தும் அதிகம், தூக்க இரண்டு ஆளும் வேண்டும். அதனால் சின்ன உடம்பிலேயே சினை பிடித்த மீனாகப் பார்த்து எடுத்தேன். நன்றாக வளர்ந்தவற்றை விற்றுவிட்டு, விலை போகாமல் மிஞ்சியவற்றைத் தாயாக நிறுத்தினேன். வளர்வதை விட்டுவிட்டுச் சீக்கிரம் சினைப்படுகிற மீனையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மீனின் பிழைப்பு முறையையே என் சௌகரியத்துக்கு மாற்றிவிட்டேன். கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விட்டதில் கலப்பினமும் பிறந்தது. அதையும் கட்லா என்று சொல்லித்தான் விற்றேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் தாய்க்குளம் சேறாகி, இருந்த தாய் மீன்களில் பெரும்பாலானவை செத்தன. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவில்லை. போர்வெல் தண்ணீரில் ரோகு இரண்டு பெண், இரண்டு ஆண் பிழைத்துக் கிடந்தன. அந்தப் பருவத்தை விட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்கு வெளியே தாய் மீன் வாங்குவது ஒரு வழி. வங்கித் தவணை இருந்தது. ஆகஸ்டில் ஊசி போட்டேன். பத்து லட்சம் முட்டை கிடைத்தது.

நான்கு மீன் என்றால், ஒரு மரபணுவுக்கு அதிகபட்சம் எட்டுப் பிரதிகள். அவை உறவு என்பதால் அதிலும் பல ஒன்றுபோலவே இருக்கும். நான்கும் அந்நியமாக இருந்திருந்தாலே, மாணவியின் கணக்குப்படி தலைமுறைக்கு 12.5 சதவீதம். அக்காள் மகளைக் கட்டினால் பிள்ளைக்கு வருகிற அளவு அது. ரசீதின் பின்பக்கத்தை நான் எறியவில்லை, பதிவேட்டுக்குள்தான் வைத்திருந்தேன். ஊசி போட்ட அன்று சாயங்காலம் தேதி எழுதப் பதிவேட்டைத் திறந்தபோது அது கண்ணில் பட்டது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

செவுள் மூடி குறைவதற்கும் கூன் விழுவதற்கும் வேறு காரணங்களும் உண்டு. தீவனத்தில் சத்துக் குறைந்தாலும் வரும், முட்டை பொரியும்போது வெப்பம் ஏறினாலும் வரும். மீன் வளராததற்கு ஏரியில் இரை இல்லாததும் காரணமாகலாம். அந்த எட்டு மீனுக்கும் நான்தான் காரணம் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன். தண்ணீர் என்றேன், மண் என்றேன், தீவனம் என்றேன். தாய் மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்க மாட்டேன். கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஏரியில் அவருக்கு ஏலத் தொகைகூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு குத்தகைக்கு அவர் வரவில்லை.

இப்போது என் பண்ணையில் ரோகு மட்டும் அறுபதுக்கு மேல் இருக்கிறது, மூன்று இடங்களில் வாங்கியது. ஒவ்வொன்றின் உடம்பிலும் எண் பொதிந்த சில்லு இருக்கிறது. ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில்தான் போடுகிறேன். ஒரே ராத்திரியில் முடிக்காமல் நான்கு ஐந்து தடவையாகப் பிரித்து, ஜோடி ஜோடியாகத் தனித் தொட்டியில் விட்டு, பொரித்தபின் சம அளவு எடுத்துக் கலக்கிறேன். போட்டிக்காரர் என்று ஒதுங்கியிருந்தவரிடம் 2021-இல் போய் ஆண் மீன் கேட்டேன். ஒன்றும் பேசாமல் கொடுத்தார். செலவு கூடியிருக்கிறது. விற்று வெளியே போனவற்றை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. வெள்ளத்தில் ஏரி உடைந்து ஆற்றுக்குப் போயிருக்கும். வேறு பண்ணைகளில் தாயாகவும் நிற்கும்.

போன வருஷம் தை மாதம் அந்த ஏரிக் குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். தண்ணீர் வந்தது. நான் குடிக்காமல் முதலில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தாய், இரண்டு ஆண், எல்லாம் உறவு, எனக்கு அப்போதே தெரியும், உங்களிடம் தண்ணீர் மேல் பழி போட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவன் தீனி ஒழுங்காத்தான் போட்டிருக்கான்” என்றார்.

அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடமிருந்து போன அன்றே மகனோடு பெரிய சண்டை. தீவன மூட்டையை வெளியே விற்றுவிட்டான் என்று ஊரறியத் திட்டியிருக்கிறார். அந்த மாதமே அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வருவான், அப்பாவிடம் அளவாகப் பேசுவான், போய்விடுவான்.

“அண்ணே, இத நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். நீங்களே சொல்லிடுங்க” என்று போனில் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. யார் பேசுகிறேன் என்று சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. நான் முடித்தபின் சத்தமில்லாத இடத்துக்கு நகர்ந்து வந்தான் போலிருக்கிறது.

“அந்த ஏரி ரோகு அத்தனைக்கும் ரெண்டே தாய் மீனாங்கய்யா?” என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.